துணைக்கு வராதே, ஹரீஷ்

கேம்ப், புனே,
செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி ஹரீஷுக்கு அப்பா வாசுதேவன் ஆசி கூறி எழுதுவது. இங்கே என் சர்க்கரையும் அம்மாவின் முழங்காலும் போன வாரம் சென்னையில் நீ பார்த்த நிலையிலேயே இருக்கின்றன. அங்கே உன் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே, "அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க" என்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா ஃப்ளைட்ல ஏறக்கூடாது, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வியாழக்கிழமை தீர்ப்புச் சொல்லிவிட்டாய். அன்றைக்கு விமானம் பதினொரு மணிக்கே புனேயில் இறங்கிவிட்டது, நாங்கள் உன்னோடு பேசியது சாயங்காலம் ஐந்துக்கு, வாஸ்தவம். அதற்குள் எங்கள் குடியிருப்பு செக்ரெட்டரி வரைக்கும் எல்லோரையும் கலங்க அடித்திருக்கிறாய். விமானத்தில் போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தோம். மறுபடி போடும்படி யாரும் சொல்லவில்லை.

எங்களைக் கேட்காமல் நீ சென்னை ஏர்போர்ட்டில் இரண்டு வீல்சேருக்குச் சொல்லி வைத்திருந்தாய் அல்லவா? அம்மாவை அங்கே வேலை செய்யும் லலிதா என்கிற பெண் ஒன்றில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள், போகும்போதே இருவரும் வத்தக்குழம்புப் பக்குவம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் உட்காருவதாக இல்லை. என் வீல்சேரில் அப்பளப் பையை உட்காரவைத்து நானே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு அம்மாள் ஓடிவந்து, "அண்ணே, அடுத்தது எங்க அம்மாவைக் கொஞ்சம் கேட் வரைக்கும் விட்டுடுங்க" என்றாள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாட்டியம்மாளைத் தள்ளினேன். அவர் திரும்பிப் பார்த்து, "இந்த வயசுல வேலைக்கு வர்றியேப்பா, பிள்ளைங்க கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டார். ஒரே பிள்ளை, ரொம்பவே கவனிக்கிறான் என்றேன். உதவி தேவைப்பட்டது யாருக்கு, செய்தது யார் என்பதை நீயே யோசித்துப் பார்.

விமானத்தில் எனக்கு ஜன்னலோரம், அம்மா நடுவில், அந்தப் பக்கம் பாலச்சந்திரன். கும்பகோணத்தில் இருந்து புனேவுக்கு மாற்றலாகி வரும் பேங்க் மேனேஜர், ஐம்பத்திரண்டு வயது, பெரிய மீசை, முதல் விமானப் பயணம். விமானம் மேலே கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தவர், புனேயில் கதவு திறந்த பிறகுதான் விட்டார். நாற்பத்தொரு வருஷத்தில் என் கையை உன் அம்மா அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தாமதம் அதற்கப்புறம்தான். உன் அம்மாவுக்கு அடுத்தவரை வண்டி ஏற்றிவிட்டுத்தான் தான் கிளம்பிப் பழக்கம். பாலச்சந்திரனுக்கோ பெரியவர்களை அனுப்பிவிட்டுத்தான் தான் கிளம்பிப் பழக்கம். "உங்களுக்கு இந்தி வராது, நீங்க மொதல்ல ஏறுங்க." "அது மரியாதையா இருக்காதும்மா, நீங்க ஏறுங்க." இப்படி மூன்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினோம். நான்காவது ஆட்டோக்காரர், "ஆதி கோண் பஸ்ணார், காகா?" என்று, முதலில் யார்தான் உட்காரப் போகிறீர்கள் என மராத்தியில் சத்தம் போட்டார். நான்தான் முடிவெடுத்தேன். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறி, பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தோம். அம்மா ரசமும் உருளைக்கிழங்குக் கறியும் செய்து போட்டாள். பிறகு அவரை நான் மெட்ரோவில் பிம்ப்ரி வரை கொண்டுபோய் அவருடைய ஜாகையில் விட்டேன். அங்கே அவர், "தனியா எப்படி சார் போவீங்க?" என்று மறுபடி ஸ்டேஷன் வரை என்னோடு வந்தார். அவரை ஜாகைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வீடு வந்தபோது மணி ஐந்து.

இதில் எங்கே ஆபத்து, எங்கே தவறு? அடுத்த மாதம் பேரன் கேஷவின் பிறந்தநாளுக்கு இருபதாம் தேதி நாங்கள் இரண்டு பேரும் தனியாகத்தான் விமானம் ஏறப் போகிறோம். எங்களை அழைத்துப் போக நீ லீவு போட வேண்டாம். இது என் முடிவு. மாற்றமில்லை.

ப்ரீதிக்கும் கேஷவுக்கும் எங்கள் ஆசிகள். நோய் நொடி இல்லாமல், அப்பாவை அதட்டாமல், நூறு வயது இரு.

இப்படிக்கு,
எவர் துணையும் வேண்டாத உன் அப்பா,
வாசுதேவன்.

பி.கு.: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, "பக்கத்துல யாராவது ஒருத்தர் உட்காரத்தானே போறாங்க, அது நம்ம ஹரீஷா இருந்தா என்னங்க?" என்றாள். எங்கேயும் எழுந்து ஓடாமல் நீ எங்கள் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. மேலே எழுதியதை விட்டுத்தள்ளு. இருபதாம் தேதி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போ. நடு சீட்டில் உட்கார்.