தட்டை நீட்டிய கை

"மொத போணியே என்னுது. மீதிய பீச்சாங்கையால நீட்டுறியே, நான் இன்னா ஒன் வூட்டு வாசல்ல வந்து பிச்சையா கேட்டேன்?"

காசியம்மாள் சில்லறையை மேசை மீது விட்டெறிந்தாள். மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்பவள். சிவப்பிரகாசத்தின் ஐஸ் கடைக்குப் பல வருட வாடிக்கை.

"கோச்சுக்காத காசியம்மா, வலது கை சுளுக்கிக்கிச்சு" என்றார் சிவப்பிரகாசம், தடித்த கையுறை மாட்டியிருந்த வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

"சுளுக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எங்க மாமா ஒரே இழுப்புல எடுத்துடுவாரு. இரு, இட்டுகினு வரேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். மாமா வந்தார். சிவப்பிரகாசம் வேண்டாம் வேண்டாம் என்று அலற, கையுறையோடு சேர்த்து வலது கையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். அதுவரை நன்றாக இருந்த கை அன்று முதல் நிஜமாகவே வலித்தது.

சுளுக்கெல்லாம் இல்லை. சில மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதத்தில் விழுந்தது அவருடைய இடது கை. செங்கல்பட்டிலிருந்து வரும் பிசியோதெரபிஸ்ட் ஜெபக்குமார், டேப்லெட்டில் கோடு கோடாக எதையோ காட்டி விளக்கியிருந்தார்.

"நல்ல கையக் கட்டிப் போட்டுட்டா, வராத கை வேற வழியில்லாம வேலை செய்யும் சார். உங்களுக்கு விரல் கொஞ்சம் அசையுதுல்ல, அது போதும். நெறைய நாட்டுல ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க."

ஆராய்ச்சி நடந்த நாடுகளில் இடது கையால் கொடுத்தால் யாரும் முறைப்பதில்லை போலும். வலது கைக்குக் கையுறை. இடது கைக்கு, அது அசைவதைக் கணக்கெடுக்கும் வாட்ச். கையுறையைக் கழற்றினாலோ, இடது கை சும்மா இருந்தாலோ, போனிலிருந்து ஒரு பெண் குரல் குழைந்து குழைந்து சொல்லும்: "தயவுசெய்து இடது கையைப் பயன்படுத்தவும்."

கோயிலில் குருக்கள் விபூதி கொடுக்கும்போது அந்தக் குரல் சொன்னது. துக்க வீட்டில் மாலை போடும்போதும் சொன்னது. வம்பே வேண்டாமென்று கடையில் அவர் எல்லாவற்றையும் மேசை மீது வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள ஆரம்பித்தார். கையில் கொடுத்தால் குறைந்துவிடுவாரா என்று கேட்டுவிட்டு, பாதி வாடிக்கை வேறு ஐஸ் கடைக்குப் போய்விட்டது.

வியாதியைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மனைவி சொர்ணம் வாயைத் திறக்க விடவில்லை.

"அப்பனுக்குப் பக்கவாதம்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. பரிமளா கல்யாணம் முடியட்டும், அப்பால ஊருக்கே சொல்லு."

பரிமளா நாவலூர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் சூர்யாவைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று இருக்கிறாள். சூர்யாவின் அப்பா தீனதயாளனுக்குக் கல்பாக்கம் பக்கம் சொந்தப் படகுகள். பெண் பார்க்க வந்த அன்று அவர் கைகூப்பிக்கூட வணங்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். தோளில் போட்ட சால்வையை எடுக்கவில்லை. கொடுத்த காபி ஆறிப் போனது.

"படகு வச்சிகினு கீறாருல்ல, திமிரு" என்றாள் சொர்ணம். "நிச்சயத்தன்னிக்கு நீ ஒழுங்கா நடந்துக்க. அந்தக் கையொறைய கழட்டிக் கடாசு."

நிச்சயதார்த்தத்தன்று கையுறை கழன்றது. போன் விடாமல் கெஞ்சியதால், சொர்ணம் அதைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். வாட்ச் கட்டியிருப்பதை யார் தப்பாக நினைக்கப்போகிறார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. சம்பந்தி மெச்ச வேண்டும் என்று சொர்ணம் தட்டில் பழம், தேங்காய், பட்டுச்சேலை எல்லாவற்றையும் மலையாகக் குவித்திருந்தாள். சிவப்பிரகாசம் தட்டை எடுத்து நீட்டினார்.

நீட்டிய பிறகுதான் பார்த்தார். வலது கை பழக்க தோஷத்தில் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. அத்தனை கனமான தட்டையும் இடது கை தன்னந்தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்த கை! ஒரு கணம் அவருக்குக் கண்ணீர் வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கணம் அரிசி டிரம்மிலிருந்து குரல் வந்தது. "வாழ்த்துகள்! இடது கை மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது!"

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தீனதயாளன் தட்டையே வெறித்தார். அவர் முகம் சிவந்தது, உதடு துடித்தது. கையை நீட்டவே இல்லை. சட்டென்று எழுந்தார்.

"கெளம்பலாம்" என்றார். வண்டிகள் போய்விட்டன.

பரிமளா யாரையும் திட்டவில்லை. அதைத்தான் சிவப்பிரகாசத்தால் தாங்க முடியவில்லை. சூர்யாவிடம் போனில் பேசிவிட்டு வந்து, "அவங்கப்பா ரூம சாத்திகினு யார்கிட்டயும் பேச மாட்டேன்றாராம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சொர்ணம் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பெற்ற பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பதற்கா இந்தக் கையை எழுப்பினோம், விழுந்தபடியே கிடந்திருக்கக் கூடாதா என்று சிவப்பிரகாசம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சொல்லி அழக்கூட ஆளில்லை.

இரண்டொரு நாளில் ஜெபக்குமார் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"சார், வாட்ச் கணக்குல அன்னிக்கு ஒரு வேலை செஞ்சிருக்கீங்க பாருங்க..."

"யோவ், நிறுத்து!" சிவப்பிரகாசம் கையுறையை எடுத்து அவர் மீது எறிந்தார். அதையும் இடது கையால்தான் எறிந்தார். "ஒன் ஆராய்ச்சில என் பொண்ணு வாழ்க்கையே பூடுச்சு. சம்பந்திக்குப் பீச்சாங்கையால தட்ட நீட்டிட்டேன். கல்பாக்கத்துலர்ந்து வந்த மனுஷன், கையக்கூட நீட்டாம எழுந்து பூட்டாரு. இன்னா பேஜாரு தெரியுமா? இனிமே எவன் வருவான் அவளக் கட்டிக்க?"

ஜெபக்குமார் கையுறையைப் பொறுக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேஷன்ட் விஷயத்த வெளிய சொல்லக்கூடாது சார், இருந்தாலும் சொல்றேன். கல்பாக்கம் பக்கம் எனக்கு ஒருத்தரு கீறாரு, பக்கவாதத்துல வலது கை விழுந்துடுச்சு. இன்னிக்குக் காலைல தேம்பித் தேம்பி அழுதாரு: 'வூட்டுல காலித் தட்ட வச்சுப் பழகிட்டுதான் போனேன் தம்பி, அவங்க ரொப்பி நீட்டுனதும் என் கை எழும்பவே இல்ல. சம்பந்தி எந்தக் கையால குடுத்தாருன்னு கூட நான் பாக்கல, பீச்சாங்கையால வாங்கி அவர அவமானப்படுத்தக் கூடாதேன்னுதான் எழுந்து வந்துட்டேன்.'"