கேட்டுச்சொல்லி கேட்ட கடைசிச் செடி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன் வாய் திறக்கவே கூசுகிறவன் பத்திரிகைக்கு எழுத வந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்டுச்சொல்லியைப் போல ஒரு மனிதர் கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை.

காமயகவுண்டன்பட்டியில் மூலிகை பறிப்பது அவர் தொழில். எந்தச் செடியையும் கேட்காமல் பறிக்க மாட்டார். மாலையில் தண்டில் மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டுவார். விடிந்ததும் நூல் இருந்தால் செடிக்குச் சம்மதம், விழுந்திருந்தால் இல்லை. யார் மருந்துக்கு வந்தாலும் "கேட்டுச் சொல்றேன்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. ஒருமுறை மணியக்காரர் பல்வலியில் கன்னம் பூசணிக்காயாக வீங்கி ஓடிவந்தார்.

"ஏலே, வலிக்கிறது எனக்கா, செடிக்கா?"

"பிடுங்கினா அதுக்கும் வலிக்கும்லய்யா. காலையில வாங்க."

மலைக்கு அந்தப்புறம் பேரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். செடி சேர்க்கும் துரை ஒருவர் சுருளி மலையடியில் கூடாரம் போட்டார். கேட்டுச்சொல்லி அவருக்கு வழிகாட்டி. நான் செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவன். பாறையிடுக்கில் ஊதாப் பூப் பூக்கும் சிறு செடி ஒன்றை அரியது என்று துரை கண்டுபிடித்தார். அரியது என்பதால், யாரையும் கேட்காமல், கூடை கூடையாக எடுத்தார். எடுக்க எடுக்க அது இன்னும் அரியதாகிக்கொண்டே போனது. தம் கண்டுபிடிப்பு சரிதான் என்று துரைக்கு ஒரே பூரிப்பு.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"காய் இன்னும் பச்சையா இருக்கு தொரை. விதை விழட்டும், பெறகு எடுங்க. இல்லாட்டி இதோட வம்சமே அத்துப்போகும்."

"ஒண்ணே ஒண்ணா? அப்போ இன்னிக்கே எடுக்கணும். வேறே ஆள் எடுத்துட்டா?"

"கேட்டுச் சொல்றேன்."

துரைக்கு வேடிக்கையாகிவிட்டது. நூலைத் தாமே வாங்கி, கூடாரக் கயிற்றுக்குப் போடும் முடிச்சாக நாலு போட்டார். நூல் விழுந்தால் செடியை விட்டுவிடுவதாக வாக்கும் கொடுத்தார்.

விடிந்ததும் மூவரும் போய்ப் பார்த்தோம். நூல் இம்மியும் அசையவில்லை. ஆயுள் முழுவதும் செடியின் சொல்லை மீறாத மனிதர் மெல்லக் குனிந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், மென்று விழுங்கினார்.

"நூலக் காணோம் தொரை."

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாக்குத் தவறாதவர் அல்லவா, அன்று முழுக்கச் செடியைத் தொடவில்லை.

கேட்டுச்சொல்லிக்குப் பொழுது சாயும்வரை விக்கல்.

"பொய் சொன்னதுக்குத் தண்டனைப்பா" என்றார்.

செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எழுந்து போக மனம் வரவில்லை.

மறுநாள் துரை அந்தச் செடியைக் காயோடும் வேரோடும் எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார்.