பிந்த மறுத்த மண்டபம்

தேவாலயப் பங்கு மண்டபத்தின் மேல்சுவரில் ஆட்கள் நிற்பதைத் தூரத்திலேயே கண்டுவிட்ட எமிலியானுஸ், மோட்டார் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடினார்.

"அருட்பிரகாசம் அண்ணை, என்ன செய்யிறியள்?"

"மேல்சுவர் கட்டுறம்," என்றார் மேசன். "இண்டைக்கு முடிஞ்சிடும்."

"ஏன்?"

கட்டடம் கட்டுகிறவரிடம் ஏன் கட்டுகிறீர்கள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. மேசன் சற்று யோசித்தார். சாந்தை அள்ளி அடுத்த கல்லுக்கு வைத்தார்.

எமிலியானுஸ் பதறியதற்கு நியாயம் இருந்தது. அவர் அரசாங்கக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டுமான முகாமைத்துவத்தில் முதுமாணிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். வார இறுதிகளில் பஸ்ஸில் போய், பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே பாடமாக்கி வந்த படிப்பு. இப்போது ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. அதன் தலைப்பு 'மன்னார்க் கரையோரத்தில் கட்டட வேலைகள் பிந்துவதற்கான காரணங்கள்'. அவர் ஆய்வுக்கு எடுத்த கட்டடம் இந்த மண்டபம்.

மன்னார்த் தீவில் இதைவிடப் பிந்திய கட்டடம் கிடையாது. அத்திவாரக் கல்லை ஆசீர்வதித்த சுவாமியார் மாறிப் போனார். அவருக்குப் பின் வந்தவரும் மாறிப் போனார். அரைச்சுவருக்குள் கழுதைகள் குடும்பம் நடத்தின. கடல் வாய்த்தால் கூலியாட்கள் வள்ளத்தில் ஏறிவிடுவார்கள். கடல் வாய்க்காத நாளில் காற்று சீமெந்தை அள்ளிக்கொண்டு போகும். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு திருவிழா, ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு. எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, வரப்போகும் தபசு நோன்புக் காலத்துக்கு முன் மண்டபம் முடியவே முடியாது என்று எமிலியானுஸ் நிறுவியிருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் சிவசுப்பிரமணியத்துக்கு அது பிடித்துப்போய்விட்டது.

"நல்லா இருக்கு. வாற ஞாயிற்றுக்கிழமை நான் நேரில வந்து பாக்கிறன்," என்று போனில் சொல்லியிருந்தார். "இதுதான் உமக்குக் கடைசித் தவணை. இதிலும் பிழைச்சால் பதிவை வெட்டிப்போடுவினம், தெரியும்தானே."

தெரியும். அதனால்தான் எமிலியானுஸ் சில கிழமைகளாக லீவு போட்டு வீட்டில் அடைந்து கிடந்து எழுதினார். மண்டபத்தின் பக்கம் வரவில்லை. அவர் எட்டிப் பார்க்காத நேரம் பார்த்து அது எழும்பிவிட்டது.

"அண்ணை, அவசரப்படாதையுங்கோ. சீமெந்து நல்லா இறுக வேணும். ஆறுதலாச் செய்தால் போதும்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ தம்பி," என்றார் அருட்பிரகாசம் ஆதரவாக. "நாளைக்கு வங்காலையில இருந்து இன்னும் ரெண்டு மேசன்மார் வருகினம்."

எதிரே நசீறாவின் தேத்தண்ணிக் கடை. கால் போன போக்கில் அங்கே போய் வாங்கில் உட்கார்ந்தார். அவர் கேட்காமலே நசீறா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"முகம் ஏன் இப்பிடிக் கருகிக் கிடக்கு? இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுங்க."

"அதுதான் பிரச்சினை," என்றார் எமிலியானுஸ்.

வீட்டில் மனைவி அன்ரோனெற் அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள். படிப்பு எப்போது முடியும் என்று அவள் கேட்பதை நிறுத்திக் கனகாலம். கேட்ட காலத்தில் எமிலியானுஸ் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தார். தரவு காணாது. சேர் இன்னும் வாசிக்கேல்லை. மண்டபம் முடியாமல் என்னெண்டு படிப்பு முடியும். பதில் எதுவானாலும் அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

"மண்டபம் எந்த அளவில நிக்குது?" என்றாள் அன்ரோனெற்.

"வளர்ந்துகொண்டு நிக்குது. நீ பேசாமல் இரு."

அவள் இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

விடிந்ததும் கடற்கரைக்கு ஓடினார். கூலிக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடல்காரர்தான். அவர்களைக் கடலில் இறக்கிவிட்டால் மண்டபம் தானாகப் படுத்துவிடும். கடல் தட்டுப்போலக் கிடந்தது. ஆனால் வள்ளங்கள் வரிசையாக மணலில் ஏறி நின்றன. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யாகப்பர் தன் வள்ளத்தின் நிழலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சம்மாட்டியார், கடல் இப்பிடி வாய்ச்சுக் கிடக்கு. ஏன் ஒருத்தரும் இறங்கேல்லை?"

"கடல் எங்கை போகப்போகுது?"

"மீன் போயிடுமே."

"போனால் வரும்." யாகப்பர் புகையை ஊதினார். "அது கிடக்கட்டும். கூரைக்கு இரும்புச் சட்டம் ஏத்த வேணுமாமே. எப்பிடி ஏத்திறது?"

எமிலியானுசுக்கு உயிர் திரும்பி வந்தது. பாரந்தூக்கி வவுனியாவிலிருந்து வரவேண்டும். அது சொன்ன நாளில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆய்வேட்டில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். அதை அப்படியே யாகப்பருக்கு விளங்கப்படுத்தினார். யாகப்பர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்.

அடுத்த நாள் கரைவலை இழுக்கிற ஆட்கள் முழுப்பேரும் வலைக்கயிற்றோடு மண்டபத்துக்கு வந்தார்கள். சட்டத்தில் கயிற்றைக் கட்டி இரண்டு பக்கமும் பிரிந்து நின்றார்கள். யாகப்பர் கடற்கரையில் வலைக்குப் பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் வலையை இழுக்கிற அதே இழுவையில் இழுத்தார்கள். சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சுவருக்கு மேல் போய்க் குந்தின. பாரந்தூக்கி அத்தியாயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே செத்துப்போனது.

"எப்பிடித் தம்பி?" என்று யாகப்பர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றார் எமிலியானுஸ். வேறென்ன சொல்வது.

இனி மண்ணைத்தான் மறிக்க வேண்டும். மண் இல்லாமல் பூச்சு இல்லை, தரை இல்லை. மண் ஏற்றுகிற நடராசா நானாட்டான் ஆள், வயல்காரர். அவரைப் போனில் பிடித்தார்.

"நடராசா அண்ணை, இந்தக் கிழமை மண் வேண்டாம். உங்களுக்கு நெல்லு வெட்டு நேரம். முதல்ல வயலைப் பாருங்கோ."

மறுபக்கம் உழவு இயந்திரத்தின் இரைச்சல் நின்றது.

"உங்கட நல்ல மனசு எனக்கு விளங்குது," என்றார் நடராசா. "போனை வையுங்கோ."

மாலையில் இரண்டு உழவு இயந்திரங்கள் பெட்டி நிறைய மண்ணோடு பாலம் தாண்டி வந்தன. ஒன்றை நடராசா ஓட்டினார். மற்றதை அவருடைய மச்சான் ஓட்டினார். அறுத்த நெல் வயலில் கிடக்கிறதாம், கிடக்கட்டுமாம்.

எமிலியானுசுக்குச் சோறு இறங்கவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பினார், எழும்பினால் நடந்தார், நடந்தால் மண்டபத்துக்கே போய்ச் சேர்ந்தார். போகும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் முடிந்திருந்தது. ஓடு ஏறியது. பூச்சு ஏறியது. கழுதைகளை வெளியே விரட்டிவிட்டார்கள். அவை வேலியோரம் நின்று தங்கள் பழைய வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஊரில் தன் துக்கம் விளங்கியவை அவை மட்டும்தான் என்று எமிலியானுஸ் நினைத்தார்.

கடைசியில் படித்த மனிதன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். கதவுகளை நிலையில் மாட்ட வாங்கி வைத்திருந்த பிணைச்சல் பையை ஒருவரும் பார்க்காத நேரம் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டு அலுமாரிக்குள், தன் கலியாணக் கோட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இவ்வளவு படித்தது இதற்குத்தானா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனால் பையைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் மனம் வரவில்லை. கதவில்லாத மண்டபத்தை முடிந்த மண்டபம் என்று எந்தப் பேராசிரியர் ஒப்புக்கொள்வார்?

சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தபோது கதவுகளை மாட்டிவிட்டிருந்தார்கள்.

"பையை உங்கட மனுசி கொண்டுவந்து தந்தவ," என்றார் அருட்பிரகாசம். "கோட்டுக்கு வெயில் காட்ட எடுத்தவவாம். யோசினையில நீங்கள் வீட்டை கொண்டுபோட்டியள் எண்டு சொன்னவ. பாவம், ஓடி வந்து மூச்சு வாங்கினவ."

எமிலியானுஸ் புதுக் கதவைத் திறந்தார், மூடினார். ஒரு சத்தமும் இல்லாமல் அருமையாக வேலை செய்தது. அவருக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரயிலில் வந்து இறங்கினார். எமிலியானுஸ் அவரை மண்டபத்துக்கு அழைத்து வந்தபோது பூசை முடிந்து ஊரே வாசலில் நின்றது. தோரணம் கட்டியிருந்தார்கள். பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. அன்ரோனெற் கலியாண வீட்டுச் சேலையில் முன்வரிசையில் நின்றாள். எல்லாரும் பேராசிரியரைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒன்று இருந்தது. தன்னைத் தூக்கில் போடுவதைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி என்று எமிலியானுசுக்குத் தோன்றியது.

பேராசிரியர் கையில் விரித்த ஆய்வேட்டோடு மண்டபத்தைச் சுற்றி நடந்தார். சுவரில் தட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கதவைத் திறந்து மூடினார்.

"தபசு காலத்துக்கு முன்னம் இது முடியாது எண்டு எழுதியிருக்கிறீர்."

"ஓம் சேர்."

"முடிஞ்சிட்டுதே."

"ஓம் சேர்."

"உம்மட காரணங்களில எது பிழைச்சது? கடலா, காற்றா, வயலா?"

"எல்லாம் சேர்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பொல்லாத மனிதர் அல்லர். கடைசியாக ஒரு வழி விட்டுப் பார்த்தார்.

"சரி. ஏன் பிந்தும் எண்டதைப் பிழையாச் சொல்லிப்போட்டீர். இவ்வளவு கெதியா முடிஞ்சதுக்கு என்ன காரணம்? அதையாவது சொல்லும். அதைச் சொன்னீரெண்டால் இன்னும் ஒரு கிழமை தந்து அதை எழுத விடுவன்."

எமிலியானுஸ் வாயைத் திறந்தார். யாகப்பரைப் பார்த்தார், நடராசாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"தெரியாது சேர்," என்றார் மெல்ல.

பேராசிரியர் ஆய்வேட்டை மூடிப் பைக்குள் வைக்கப் போனார். அப்போது தேத்தண்ணித் தட்டோடு வந்த நசீறா அவருக்கு ஒரு கோப்பையை நீட்டினாள்.

"அவருட்ட கேட்டு என்ன சேர், அவருக்கு எங்க தெரியும். மண்டபம் முடிஞ்சாத்தான் இவர்ட படிப்பு முடியுமெண்டு இவர்ட மனுசி கோயில்ல நிண்டு அழுத நாளில இருந்து இந்தக் கரையில ஒரு வள்ளமும் கடலுக்குப் போகல்ல. நாங்க முடிச்சிட்டம், இனி நீங்கதான் முடிச்சுக் குடுக்கோணும்."