ஜன்னல் சீட்டு செடிக்கு

தோட்டக்காரர்களில் பல வகை உண்டு. அவர்களை விடுங்கள், பாவம், தாங்கள் உண்டு, தங்கள் மண்வெட்டி உண்டு என்று இருப்பவர்கள். இங்கே சொல்ல வந்தது செர்ரி தக்காளிக்காரரைப் பற்றி. நாலு தொட்டியும் இரண்டடி பால்கனியும் கிடைத்தால் போதும், இந்த இனம் எங்கும் முளைத்துவிடும். கோலிக்குண்டு அளவு காயைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசும். கேட்பவர் கொட்டாவி விட்டால் அதை வியப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். காலையில் எழுந்ததும் முகம் கழுவமாட்டார், மனைவி முகத்தையும் பார்க்கமாட்டார். நேராகப் பால்கனிக்குப் போய், இலையைப் புரட்டிப் பூதக்கண்ணாடியால் பூச்சி தேடி, தண்டைக் கட்டிய கயிறு இறுக்குகிறதோ என்று தளர்த்தி, ரொம்பத் தளர்ந்துவிட்டதோ என்று மறுபடி இறுக்கி, கடைசியில் பேட்டரி டூத்பிரஷ்ஷை ஓடவிட்டு ஒவ்வொரு பூவின் காம்பிலும் மெல்ல வைப்பார். அப்படி அதிர்ந்து மகரந்தம் உதிர்ந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்குமாம். யாருடைய டூத்பிரஷ்? மனைவியுடையதுதான். அவருடையதில் அதிர்வு போதாதாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வரும். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே மூன்று பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

"பயப்படாதீங்க சார், பத்து நிமிஷத்துல கிளம்பிடறேன். இப்பதான் பூ விரிஞ்சிருக்கு."

இவ்வளவு பாடுபட்டு விளைந்ததை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்கிறீர்களா? யாரும் சாப்பிட்டதில்லை. யாராவது கை நீட்டினால், "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார். ரெண்டு நாள் கழித்துக் கேட்டாலும் அதே ரெண்டு நாள். பழம் வெடித்துத் தானாக விழும். அதை விதைக்கு எடுத்து வைப்பார். சமையலுக்குத் தக்காளி கடையிலிருந்து வரும்.

இதில் அடிபட்டது அவர் மனைவிதான். எட்டு மணி நேர பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் அக்கா, முழங்கால் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து, "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகக் காய்ப்பு குறுக்கே நின்றது. இந்த வருஷம் அந்த அம்மாள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

"நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நான் போறேன்."

மெக்கானிக் ஆடிப்போனார். செடியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "சரி, போவோம்" என்றார். அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர் எடுத்தது மூன்று டிக்கெட். ஜன்னலோரத்தில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, பதினோரு பழங்களோடு தொட்டி உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது? ஜன்னல் சீட்டு எனக்குன்னுதானே சொன்னீங்க?"

"அதுக்கு வெயில் வேணும்மா. உனக்கெதுக்கு வெயில்?"

அம்மாள் நடு சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

நண்பகலில் பஸ் ஓரிடத்தில் நின்றது. அம்மாளுக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வாங்களேன்" என்றார். மனுஷர் ஓடினார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஓடி அம்மாள் பார்த்ததே இல்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தார், பாட்டிலைத் திறந்தார், முழுவதையும் தொட்டியில் ஊற்றினார்.

"பாவம், எப்படி வாடிப்போச்சு பாரு!"

"எனக்கு?"

"அட, உனக்குமா? இரு, இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் திரும்பி வந்தபோது அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தொட்டி காலடியில் இருந்தது. செடியில் இலைகள் இருந்தன, வேறொன்றும் இல்லை.

"எல்லாத்தையுமா?" மெக்கானிக் ஒவ்வொரு காம்பாகத் தொட்டுப் பார்த்தார்.

"பதினொண்ணையும்."

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் வரவில்லை. அதைவிடப் பெரிய ஆவல் ஒன்று வந்துவிட்டது.

"எப்படி இருந்துச்சு?"

"தாகம் அடங்குச்சு" என்றார் அம்மாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் போனை எடுத்து, கடைசியாக எடுத்த இருபது படங்களைப் பாருங்கள். செடியோ, பூனையோ, புது வண்டியோ, எதுவாகவும் இருக்கட்டும். நடுவே வீட்டிலிருப்பவர் முகம் ஒன்றாவது இருக்கிறதா? இல்லையா? அப்படியானால் சட்டென்று எழுந்து போய் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள். அவர் இப்போது உங்கள் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.