அறிவித்தலுக்குத் துப்பல் வரவில்லை

கண்டாவளையிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் அறிவித்தல் என்று நாங்கள் கூப்பிடும் ஆள் வாய் திறந்து சொல்லாமல் எந்த மனிதரும் முழுதாகச் செத்ததில்லை. டொக்டர் சொன்னாலும் சனம் நம்பாது. அறிவித்தலின் ஓட்டோ வீதியால் போகவேண்டும். அதன் தலையில் கட்டிய இரண்டு ஸ்பீக்கரும் கரகரக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்குவார்கள். என்னையும் அவர் ஒருமுறை அறிவித்தார். நான் சாகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய கிளினிக் கொப்பியில் மட்டும் இருக்கிறது. தாதி அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார். "அறிவித்தல்!" என்று கத்தினால் எழும்புவார். செத்தவீடு, கோயில் பொங்கல், குளத்துத் தண்ணீர் திறக்கும் கூட்டம், தொலைந்த மாடு, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். மைக் இல்லாத நேரத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுவார்.

தேத்தண்ணிக் கடைக்குள் போனால் வாசலிலேயே நிற்பார். "அன்பான முதலாளியின் கனிவான கவனத்திற்கு! சீனி குறைந்த பிளேன்ரீ ஒன்று வலது பக்க மேசையில் எதிர்பார்க்கப்படுகிறது!"

"உதிலை வைச்சு எவ்வளவு நேரம். ஆறப்போகுது, குடி ஐசே," என்பார் முதலாளி, மேசையைக் காட்டி.

"முன்னைய அறிவித்தல் மீளப் பெறப்படுகிறது!"

அவருக்கு மனம் ஏறி இறங்கும் வருத்தம். எனக்கு இறங்குகிற வருத்தம் மட்டும். இதை மறைக்கிற ஆள் நான் இல்லை. நீரிழிவுக்குக் குளிசை போடுகிறவனை ஒருவரும் ஒளித்து வைப்பதில்லை. எங்களை மட்டும் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வழி காட்ட ஒரு பலகை கூட இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். எல்லா இடத்திலும் இதே கதைதான்.

அறிவித்தலின் பிரச்சினை இதுதான். குளிசை போட்டால் மனம் நேராக நிற்கும், நாக்கு மரக்கட்டையாகும். வாய் ஆவணி மாதக் குளம் மாதிரிக் காயும். "காலமானார்" என்று சொல்ல வெளிக்கிட்டு "கா" வில் நிற்பார். செத்தவரின் பிள்ளைகள் அழுவதா பொறுப்பதா என்று தெரியாமல் முழிப்பார்கள். குளிசையை விட்டால் நாக்குப் பறக்கும். மனம் அதைவிட வேகமாகப் பறக்கும். ஐந்து வருடத்தில் நாலு குளிசை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் போய்ச் சொன்னார். ஒரே பதில்தான் கிடைத்தது: "எல்லாரும் போடுகினம். உமக்கு மட்டும் என்ன? நடிக்கிறீரோ?"

முந்திய வருடம் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் குரல் வேண்டும் என்று, ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டார். பொங்கல் திறமாக நடந்தது. அடுத்த கிழமை உயிரோடு இருந்த மூன்று பேரைச் சாகடித்தார். ஒருவர் பக்கவாதத்தில் படுத்திருந்த மனிதர். இன்னொருவர் ஒரு கந்தோர் அதிகாரி. மூன்று மாதமாக ஒரு கடிதத்திலும் கையெழுத்து வைக்காதவர். அவர் விசயத்தில் எனக்கும் சந்தேகம் இருந்தது. மூன்றாவது ஆள் நான்.

தபால்கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். தனி ஆள். அந்த மாதம் கட்டிலை விட்டு எழும்பவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. அந்த வருத்தத்துக்குக் காரணம் தேவையில்லை. கதவு, யன்னல் எல்லாம் பூட்டிக் கிடந்தேன். காலை பத்து மணி இருக்கும். வீதியில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"எங்கள் அன்புக்குரிய தபால் அக்கா அவர்கள் காலமானார்! அன்னாருக்கு நெருங்கிய உறவு என்று ஒருவரும் இல்லாதபடியால், இந்த வீதியில் உள்ள அனைவரும் உற்றார் உறவினராக வந்து இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்!"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வீடு கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடினேன்.

"எடேய்! நான் செத்தனான் எண்டு உனக்கு ஆரடா சொன்னது?"

அவர் பதறவில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஒரு சிறு திருத்தம்! அன்னார் தற்சமயம் படலையில் தும்புத்தடியோடு நிற்கிறார்!"

பிறகு மைக்கை நிற்பாட்டிவிட்டு, அவருக்குத் தெரிந்த அளவு மெதுவாகக் கேட்டார். "அக்கா, ஒரு மாசமா உங்கடை யன்னல் துறக்கேல்லை. நான் வேறை என்னத்தை நினைக்கிறது?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வெயிலில் நின்றேன். அவரை ஊரார் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். சண்டையை முடிக்க நானும் பின்னால் போனேன். டொக்டர் எனக்கும் ஒரு கொப்பி போட்டுவிட்டார். அதற்குப் பிறகு மாதா மாதம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம்.

இந்த வருடப் பொங்கலுக்கு முன்கூட்டியே கோயில் சபைத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தம்பி, உன்ரை நாக்கும் சரியா இருக்கோணும், மண்டையும் சரியா இருக்கோணும். இல்லாட்டி வவுனியாவிலை ஆளைப் பிடிச்சுக் குரலைப் பதிஞ்சு போனிலை போடுவம்." பொங்கலுக்கு ஏழு மாதம் இருந்தது. மைக்கை விட்டால் அறிவித்தலுக்கு வேறு வாழ்க்கை இல்லை. குளிசையை விட்டால் இருக்கிற வாழ்க்கையும் இல்லை.

அந்த நேரம் கனடாவில் மருந்துக்கடையில் வேலை செய்யும் அவருடைய தங்கச்சியின் மகள், விடுமுறையில் வந்தவர்களிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு குப்பி, ஒரு புனல், இங்கிலீசில் ஒரு தாள். குப்பிக்குள் துப்பி அனுப்பினால், பிறவியிலேயே அவருடைய உடம்பு எந்தக் குளிசையை எப்படிக் கையாளும் என்று பார்த்துச் சொல்வார்களாம். கிளினிக் வாங்கில் வைத்துத் தாளை என்னிடம் நீட்டினார். வாசித்தேன். அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. கோடு வரைக்கும் துப்பவேண்டும்.

அங்கேதான் வில்லங்கம். குளிசை வாயைக் காயவைத்துவிட்டது. துப்பல் இல்லை. அறிவித்தல் கன்னத்தைத் தடவினார், நாக்கைச் சுழற்றினார், காறினார். முக்கால் மணி நேரத்தில் குப்பியின் அடி நனைந்தது. அவ்வளவுதான். பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் பின்னேரம் கனடாவுக்குத் திரும்ப வெளிக்கிடப் போகிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சை தா. இந்த வாங்கிலை இருக்கிற எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் குளிசைதானே தாறாங்கள்? அப்ப எல்லாற்றை துப்பலும் ஒண்டுதான்."

மிச்சத்தை நான் நிரப்பினேன். வாங்கில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு பேர் உதவிக்கும் வந்தார்கள். இடம் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

ஆறு கிழமை கழித்துக் கனடாவிலிருந்து அந்த மருமகள் போனில் கத்தினாள். "மாமா, குப்பிக்குள்ளை ரெண்டு பேர் இருக்கினமாம்! ஒராள் பொம்பிளையாம்!"

அறிவித்தல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, உங்களைக் கனடாவிலை பிடிச்சிட்டாங்கள்."

இரண்டாவது பெட்டி வர இன்னும் இரண்டு மாதம் போனது. இந்த முறை நான் யோசித்தேன். அவர் சாப்பிடக்கூடாது என்றுதானே தாள் சொல்கிறது. நான் சாப்பிடலாம். புளி மாங்காய் மூன்றைச் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து, சத்தம் போட்டுக் கடித்தேன்.

"அக்கா, இது அநியாயம்."

"கதையாதை. துப்பு."

"மிளகாய்த்தூளைக் கொஞ்சம் கூடப் பிரட்டிப்போட்டுக் கடியுங்கோ. உப்பிடிக் கடிச்சா வராது."

இரண்டாவது மாங்காயில் குப்பி கோடு தொட்டது. எனக்கு இரண்டு நாள் வயிற்றுக்குள் எரிந்தது. மருத்துவத்துக்கு என் பங்கு அது.

முடிவு ஒரு தாளாக வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிரல். புதிதாக வந்திருந்த டொக்டர், சின்னப் பெண், இரண்டு தரம் வாசித்தாள்.

"இது சாத்திரம் இல்லை அண்ணை. எந்தக் குளிசை உங்களுக்குச் சுகம் தரும் எண்டு இது சொல்லாது. எதிலை கவனம் வேணும் எண்டு சொல்லும். அவ்வளவுதான். நீங்கள் இப்ப போடுற குளிசையை உங்கடை ஈரல் ஆறுதலா, மெல்லமாத்தான் கரைக்குது. மற்றவைக்கு அளவான குளிசை உங்களுக்குக் கூடிப்போகும். வாய் காயும், நாக்குத் தடிக்கும்."

அறிவித்தல் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப நான் ஐஞ்சு வருசமா நடிக்கேல்லை?"

"இல்லை அண்ணை. சொன்னதைக் கேட்டிருந்தாலே பாதி விளங்கியிருக்கும்."

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனிதர் தன் வாய் காய்கிறது என்று தன் வாயாலேயே சொன்னார். அதை நம்பக் கனடாவிலிருந்து ஒரு தாள் வரவேண்டியிருந்தது. வந்த தாளும் பிரச்சினை இல்லாத பச்சை நிரலில் ஒரு பட்டாளம் குளிசையைக் காட்டியது. டொக்டர் மருந்துப் பகுதியின் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தாள். "இது இல்லை. இதுவும் இல்லை. இது கொழும்பிலை… இது இருக்கு!" மொத்தம் இரண்டுதான் மிஞ்சின. அதில் ஒன்றைச் சின்ன அளவில் தொடங்கி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். தானாக நிறுத்தக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

அவர் வாசலில் வந்து நின்றார். "அன்பார்ந்த நோயாளர்களே! அடியேன் இனிமேல் தன்னிச்சையாகக் குளிசை நிறுத்தமாட்டான் என்பதையும், பிழை ஈரலில்தான் என்பதையும் அறியத்தருகின்றோம்!"

நாக்கு இன்னும் தடித்துத்தான் இருந்தது. பொங்கலுக்கு ஏழு கிழமை இருந்தது.

பொங்கல் அன்று சபைத் தலைவர் கையில் போனோடு நின்றார். வவுனியாக் குரல் தயார். அறிவித்தல் மைக்கைப் பிடித்தார். நான் முன்வரிசையில் நின்றேன்.

"அம்பாள் அடியார்களே!"

மைக்கில் ஒரு துளி எச்சில் தெறித்தது. தலைவர் முகத்தைச் சுழித்தார். நான் கைதட்டினேன். எச்சிலுக்குக் கைதட்டுகிறாள், இவளுக்கு விசர் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கிளினிக் கொப்பியே வைத்திருக்கிறேன்.

இரவு வரை அந்தக் குரல் தடக்கவில்லை. ஒரு கிழவர் மனிசியைச் சனத்துக்குள் விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தார். "செட்டிகுளத்திலிருந்து வந்த அம்மாவை ஐயா காணவில்லை என்கிறார்! அம்மா எங்கிருந்தாலும் ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும்!" ஐந்து நிமிடத்தில் அந்த அம்மா வந்தார். "ஆர் துலைஞ்சது? நான் கடலைக் கடையிலைதான் நிக்கிறன். இந்த மனிசன்தான் துலைஞ்சது!" அறிவித்தல் உடனே திருத்தம் கொடுத்தார். கூட்டம் முழுதும் சிரித்தது. யுத்தத்தில் காணாமல்போனவர்களை இன்னும் தேடுகிற எங்கள் சனத்துக்குக் காணவில்லை என்பது லேசான சொல் இல்லை. அறிவித்தல் சொன்னால் மட்டும் ஆள் திரும்பி வரும்.

என் சாவை அவர்தான் அறிவிக்கவேண்டும் என்று எழுதி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒத்திகை பார்த்த ஆள். ஆனால் அதற்கு இப்போது அவசரம் இல்லை. காலையில் எழும்பியதும் முதல் வேலையாக யன்னலைத் திறந்து வைக்கிறேன். அவருடைய ஓட்டோ அந்தப் பக்கத்தால்தான் போகும்.