புகைடப்பா மாட்டிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும் ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. பெயர் வீரபாகு. கூட்டம் அதிகமானால் நடத்துநர் குரங்கு அதைத்தான் முதலில் இறக்கிவிடும். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் முகத்தைப் பார்க்க வீரபாகுவுக்கு இருந்த ஒரே வழி அதன் பழைய கார்தான். எஞ்சின் பின்னால் இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றிலேயே சூடு தணிந்துவிடும்.

ஒருநாள் சிங்கராஜா இருமினார். அவர் இடைவிடாமல் சுருட்டுப் பிடிப்பவர். அதைச் சொல்ல யாருக்கும் இரண்டு கழுத்து இல்லாததால், பழி வண்டிகள் மேல் விழுந்தது. எல்லா வண்டியிலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்த வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் பெயர் வாயில் நுழையாத காட்டுவாசிகள் அதைப் புகைடப்பா என்றார்கள்.

வீரபாகு பதறிக்கொண்டு மெக்கானிக் கீரியிடம் ஓடியது.

"தம்பி, அந்த டப்பா நெருப்பா கொதிச்சாத்தான் புகையச் சுத்தம் பண்ணுமாமே. என் வண்டி பாதி பெட்ரோல எரிக்காமலே வெளிய தள்ளும். அதையும் டப்பா எரிச்சா என்ன ஆகும்?"

"அண்ணாச்சி, மாட்டுறது என் வேல. மாட்டுனா என்ன ஆவும்னு பாக்கது சர்க்கார் வேல," என்றது கீரி. வண்டியின் வயிற்றுக்கு அடியில், தரையை உரசாத குறையாக, டப்பாவை மாட்டியும் விட்டது.

சோதனை நாள் வந்தது. இடம் ஒரு புல்வெளி. கோடையில் புல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடந்தது. சோதனை அதிகாரி நரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. டப்பா சூடு ஆறிவிடக் கூடாது என்பதால் யாரும் எஞ்சினை அணைக்கக் கூடாதாம்.

நின்ற இடத்திலேயே உறுமி உறுமி வீரபாகுவின் வண்டி காய்ச்சல்காரனைப் போல் கொதித்தது. குனிந்து பார்த்தால் டப்பா செக்கச் செவேலென்று இருந்தது. வீரபாகு நரியைக் கூப்பிட்டது.

"சார், கீழ காஞ்ச புல்லா கெடக்கு. வண்டிய அந்த மணல்ல நிறுத்திக்கிடட்டுமா?"

"ராஜா ரிப்பன் வெட்டினது இந்த இடத்துலதான்," என்றது நரி. "மணல்ல சோதிச்சா அது செல்லாது. வரிசைய விட்டு வெளிய போனா வண்டி இரும்புக் கடைக்குத்தான்."

இரும்புக் கடை என்றதும் வீரபாகு வண்டியைப் புல் மேலேயே நிறுத்திக்கொண்டது. பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது என்பதற்கு முள்ளம்பன்றியும் விலக்கல்ல. அதன் முறை வந்தது. நரி புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகி, கருவியின் முள்ளையே உற்றுப் பார்த்தது. அதற்குள் வண்டிக்கு அடியில் புல் பற்றிக்கொண்டது.

"சார், நெருப்பு."

"இரு. முள் இன்னும் நிக்கலை."

முள் நின்றபோது புல்வெளி எரிந்து முடிந்து, மூங்கில் புதருக்குத் தீ தாவியிருந்தது. எல்லாரும் ஆற்றுக்கு ஓடினார்கள். வீரபாகு மட்டும் காரை விட மனமில்லாமல், நெருப்புக்குள் ஓட்டிக்கொண்டு ஆற்று மணல்திட்டுக்கு வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் முழுக் காடும் கொழுந்துவிட்டு எரிந்தது. அது வாய்விட்டு அழுதது.

கருகிய வாலோடு நரி வந்தது. கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டியது.

"உன் வண்டி பாஸ். துளி புகை இல்லை."

காட்டை மறைத்துக் கறுத்து எழுந்த புகையை வீரபாகு காட்டியது. "அப்ப அது என்ன சார்?"

"அது மரத்துப் புகை. நம்ம துறைக்கு வராது."

"நான் போய்ப் பாத்துக்கிட்டிருந்த ஊரு, சனம் எல்லாம் போயிட்டே சார். இனி இத எங்க ஓட்டிக்கிட்டுப் போவேன்?"

நரி உத்தரவை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, நிம்மதியாகச் சொன்னது: "ஓட்டுறதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே."

நீதி: காட்டை எரிக்கலாம், குழாய் வழியாகப் புகைதான் விடக் கூடாது.