இருபத்தொரு வருடமாக வீடு பார்த்தவர்

வீடு விற்கிறவர்கள் ஒரு ரகம், வாங்குகிறவர்கள் ஒரு ரகம், இருவருக்கும் நடுவில் நின்று கமிஷன் வாங்குகிற புரோக்கர்கள் இன்னொரு ரகம். இந்த மூன்றிலும் சேராத நான்காவது ரகம் ஒன்று கொழும்பில் நடமாடுகிறது. அவர்கள் வீடு பார்க்கிறவர்கள். பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

நீங்கள் அவர்களைக் கண்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெயிலானாலும் மழையானாலும் கையில் குடையோடு, 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கும் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே கூரையை அண்ணாந்து பார்த்து, விரலை மடக்கிச் சுவரில் மூன்று தட்டுத் தட்டி, குசினிக் குழாயைத் திறந்து தண்ணீர் விழும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டு, பின்பக்கம் போய்க் கழிவுநீர் ஓடும் கானுக்குள் எட்டிப் பார்த்து, வீட்டுக்காரர் கொடுத்த தேநீரையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "நல்லதுங்க, கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்புவார்கள். யாரோடு கலந்து பேசுவார்கள்? கட்டிய மனைவியோடு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கொட்டாஞ்சேனைச் சத்தியநாராயணன் இந்த ரகத்தில் மூத்தவர். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் ஸ்டோர்கீப்பர். துறைமுகத் தொழிலாளர்களும் தையற்காரர்களும் த்ரீவீல் ஓட்டுகிறவர்களும் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஒரு முடுக்கில், இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட வாடகை வீட்டில் இருந்தார். கல்யாணமான மாதமே, "சொந்த வீடு கிடைக்கிற வரைக்கும்தான் இங்க" என்று மனைவி ரமணியிடம் சொல்லிக் குடிவந்தவர். இருபத்தொரு வருடமாக அந்தச் சொல் மாறவில்லை. முகவரியும் மாறவில்லை.

அவர் பார்க்காத வீடு உண்டா? வத்தளையில் பார்த்தார், ஆறு பெருகினால் கட்டில் மிதக்கும் என்றார். இரத்மலானையில் பார்த்தார், விமானம் இறங்கும்போது பல் ஆடுகிறது என்றார். தெமட்டகொடையில் ரயில் சத்தம். வெள்ளவத்தையில் கடற்காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும். சண்டை நடந்த காலத்தில், "குண்டு வெடிக்கிற ஊர்ல எவனாவது வீடு வாங்குவானா?" என்று கேட்டார். பேச்சுவார்த்தை தொடங்கி, சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டபோது, "இப்ப எல்லாரும் வாங்குறான். விலை ஏறிக் கிடக்கு. இப்ப வாங்குறவன் மடையன்" என்றார். ஒரே ஒரு வீட்டில், எவ்வளவு தேடியும் அவருக்குக் குறை அகப்படவில்லை. அன்று முழுவதும் அவர் முகம் வாடிக் கிடந்தது. கடைசியில், "இவ்வளவு நல்ல வீட்ட ஏன் விக்கிறான்? என்னமோ இருக்கு" என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

இரத்மலானை வீட்டுக்காரச் சிங்களப் பெண்மணி ஒருத்தி மட்டும் மூன்றாம் முறை அவரைக் கண்டதும் வாசலிலேயே மறித்து, "மாத்தயா, கன்னவத, பலனவ விதரத?" என்று கேட்டாள். வாங்கப் போகிறீரா, பார்க்க மட்டும்தானா என்று. அதை அவர் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டு, அந்த வட்டாரத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்.

முதல் சில வருடங்கள் ரமணியும் கூடப் போனாள். அவள் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தையல் மெஷினை எங்கே வைக்கலாம் என்றுதான் அவள் கண் தேடும். தெமட்டகொடையில் ஒரு வீட்டில், கிழக்கு ஜன்னலோரம் அவள் மனத்துக்குள் மெஷினை வைத்து, திரைச்சீலையும் மாட்டி, வாசலில் ஒரு செவ்வரத்தையும் நட்டுவிட்டாள். "பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்குது" என்று சொல்லிக்கொண்டு அவர் இறங்கிவிட்டார். நட்ட செடியைப் பிடுங்கிக்கொண்டு அவளும் இறங்கினாள். அதோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் ஊருக்குள் அவருக்குப் பெரிய பெயர். வீடு வாங்க நினைக்கிறவர்கள் அவரைக் கூட்டிப்போனார்கள். முடுக்கின் கடைசி வீட்டில் இருந்த அலவி, தன் த்ரீவீலிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஒரு வீட்டைக் காட்டினான். சத்தியநாராயணன் ஒரு மணி நேரத்தில் பதினொரு குறை சொன்னார். அடுத்த வாரம் அலவி ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வந்து நின்றான்.

"நீங்க செல்லின பதினொரு கொறையையும் அப்படியே ஊட்டுக்காரன்ட்ட செல்லினேன் அண்ணே. மனுசன் பயந்து வெலய கொறச்சிட்டான். வாங்கிட்டேன்!"

"வாங்கிட்டியா?" என்றார் சத்தியநாராயணன், ஏதோ சாவுச் செய்தி கேட்டவர் போல. வட்டிலப்பத்தை அவர் தொடவில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு சனிக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"மகன் கனடாவுக்குக் கூப்பிட்டிட்டான் தம்பி. நான் இந்த வீட்டை விக்கப்போறன். உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். ஓம் எண்டா இண்டைக்கே கதைச்சு முடிப்பம்."

"யோசிச்சுச் சொல்றோங்க."

"இதுக்குள்ள இருபத்தொரு வருஷம் இருந்திட்டு என்னத்தை யோசிக்கப்போறியள்? வேற ஆள் வாங்கினா எழும்பச் சொல்லுவான். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சத்தியநாராயணன் குளித்து, சட்டை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு தன் வீட்டிலிருந்து வெளியே போனார். முடுக்கின் முனைவரை நடந்தார். பிறகு திரும்பி வந்து, ஓர் அந்நியரைப்போல வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். தண்ணீரைத் திறந்து காதைக் கொடுத்தார்.

"பிரஷர் இல்ல" என்றார்.

"காலையில நாலரைக்கு எழும்பினா இருக்கும்" என்றாள் ரமணி, மெஷினை நிறுத்தாமல். "நான்தானே எழும்புறேன்."

"இந்த அறையில வெளிச்சம் பத்தாது."

"அதான் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தைக்கிறேன்." இப்போது மெஷின் நின்றது. "இந்தாங்க, இத வாங்கிடுவோம். எனக்கு இன்னொரு எடத்துக்குப் போய் நாலு கடைக்காரனப் புதுசாப் புடிக்க வயசில்ல."

"அவசரப்படாத. விலை இறங்கும். பாப்போம்."

விலை இறங்கத்தான் செய்தது. எப்படி என்று கேளுங்கள். புரோக்கர் கூட்டி வந்த ஆட்களுக்கெல்லாம் வீட்டைச் சுற்றிக் காட்டியவர் நம்முடைய சத்தியநாராயணன்தான். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. வீடு பார்க்க ஒருவர் வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஈரம் ஏறிய சுவரைச் சுட்டிக் காட்டினார், கான் எந்த மாதம் பொங்கும் என்று சொன்னார், கூரை ஒழுகும் இடங்களுக்குக் கீழே அவர்களை நிறுத்தி விளக்கினார். வந்தவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள். ஸ்ரனிஸ்லாஸ் விலையைக் குறைத்தார். பிறகு மறுபடியும் குறைத்தார்.

"பாத்தியா?" என்றார் சத்தியநாராயணன் வெற்றியோடு.

"பாத்தேன். இப்ப வாங்குவோமா?"

"இன்னும் இறங்கும்."

ரமணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பத்து நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது, "ஸ்ரனிஸ்லாஸ் ஐயா வீட்டுக்கு இன்னைக்கு உறுதிப் பத்திரம் எழுதுறாங்களாம். படிச்சுப் பாத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட உங்களக் கூப்பிடுறாங்க" என்றாள்.

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். வீடு போகிறது. அடுத்த மாதம் சாமான்களோடு எங்கே நிற்பது? ஆனாலும் ஒரு வீட்டு உறுதியைப் படித்துப் பார்க்க அழைத்தால் போகாமல் இருக்க முடியுமா?

"எந்த மடையன் வாங்குறான்?" என்று கேட்டார், சட்டையை மாட்டிக்கொண்டே.

"வந்து பாருங்க."

அளுத்கடையில், பத்திரம் எழுதிப் பதியும் நொத்தாரிசு சரோஜினிதேவியின் அலுவலகத்தில் ஸ்ரனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏனோ அலவியும் இருந்தான். சத்தியநாராயணன் ரமணியோடு போய் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, உறுதியின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். எல்லைகளைச் சரிபார்த்தார். ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து நொத்தாரிசைத் திருத்த வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்றேன்னு நினைக்கக் கூடாது. இத வாங்குறவங்க கொஞ்சம் யோசிக்கணும்."

"அவங்க நல்லா யோசிச்சிட்டாங்க" என்றார் சரோஜினிதேவி. "உங்களுக்குப் பக்கத்திலதான் இருக்கிறாங்க."

அவர் முதல் பக்கத்தைப் புரட்டினார். வாங்குபவர் பெயருக்கு நேரே ரமணி என்று இருந்தது. வீட்டுக்கென்று இருவர் பெயரிலும் வங்கியில் கிடந்த பணத்தோடு தன் வளையல்களையும் சேர்த்திருந்தாள். அலவி இன்னொரு சாட்சி.

"என்கிட்ட ஒரு வார்த்தை கலந்து பேசாம..."

"நாலு தரம் பேசினேங்க. நாலு தரமும் பாப்போம்னு சொன்னீங்க. பாத்தது போதும்."

அவர் உறுதியை மேசைமேல் வைத்துவிட்டார். கோபமா? இல்லை, பயம். வாங்காதவரை கொழும்பு முழுவதும் அவருடையதாக இருந்தது. எந்தக் கேட்டையும் தள்ளலாம், எந்தச் சுவரையும் தட்டலாம், எந்த வீட்டையும் வேண்டாம் என்று சொல்லலாம். இனி அவருக்கு இருப்பது ஒரே ஒரு வீடு. அதன் குறைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். பேனாவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில், தன் பெயரைச் சின்னப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

அந்த வாரமே மழை. குசினிக் கூரை ஒழுகியது. "இந்த மனுசனுக்கு எத்தனை தரம் சொல்றது" என்று வழக்கம்போலத் தொலைபேசியை எடுத்து ஸ்ரனிஸ்லாஸின் எண்ணைப் பாதி சுழற்றியவர், அப்படியே நின்றார். சொல்ல ஆள் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, தார் டின்னை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். ரமணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "இடது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று அவள் சொல்ல, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு வீட்டின் குறையை வாயால் அல்லாமல் கையால் தொட்டார். தார் முழங்கைவரை வழிந்தது. ஒழுக்கு பாதிதான் நின்றது. அதற்கே அவர் அன்று முழுவதும் மூன்று தரம் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

சரி, சத்தியநாராயணனை விடுங்கள். இதை வாசித்துக்கொண்டு வந்த நீங்கள் இதற்குள் இதில் இரண்டு மூன்று குறை கண்டுபிடித்திருப்பீர்கள். நடுவில் கொஞ்சம் இழுபறி, முடிவு சப்பென்று இருக்கிறது, இதைவிட நல்லதாக வேறு எங்காவது கிடைக்கும், பார்ப்போம் என்று. தப்பில்லை. ஆனால் எதற்கும், உங்கள் வீட்டில் இருப்பவர் இந்த வாரம் எந்த நொத்தாரிசிடம் போய்வந்தார் என்று மெதுவாக விசாரித்து வையுங்கள்.